வளர்த்தவன் பக்கம் நிற்கும் நாவல்

ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் எழுதிய ஆங்கிலப் பெண் எழுத்தாளர் மேரி ஆன் எவன்ஸின் ‘சைலஸ் மார்னர்’ (1861) நாவலைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ‘கருமியை அன்பு திருத்திய கதை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தங்கம் போனது, தங்க நிற முடியோடு குழந்தை வந்தது, கல்மனம் கரைந்தது. இந்தச் சுருக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. அன்பு எத்தனை வேலை வாங்கும் என்பதைத்தான் எலியட் அந்தச் சின்ன நாவலில் எழுதியிருக்கிறார்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. சைலஸ் ஒரு நெசவாளி. வடக்கே ஒரு தொழில் நகரில், லாண்டர்ன் யார்டு என்ற சிறு சபையில் பக்தியோடு இருந்தவன். உயிர் நண்பன் வில்லியம் டேன் சபைப் பணத்தைத் திருடிவிட்டுப் பழியை இவன் தலையில் போடுகிறான். சபையார் சாட்சி எதையும் விசாரிக்கவில்லை. சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள், அது இவனைக் குற்றவாளி என்றது. இவனுக்கு நிச்சயித்திருந்த பெண்ணும் அதே நண்பனை மணந்துகொண்டாள். சாமியும் வேண்டாம், மனிதனும் வேண்டாம் என்று ரேவலோ கிராமத்துக்கு வந்து 15 ஆண்டுகள் தறியே கதியென்று கிடக்கிறான். சேர்த்த பொற்காசுகளை இரவில் எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான் சுகம். அதையும் பண்ணையார் மகன் டன்ஸ்டன் காஸ் திருடிக்கொண்டு போகிறான். பிறகு, புத்தாண்டுக்கு முந்தைய இரவில், வெளியே பனியில் தாய் செத்துக்கிடக்க, திறந்திருந்த கதவு வழியாக ஒரு குழந்தை உள்ளே நடந்து வந்து அவன் அடுப்பங்கரையில் படுத்துத் தூங்குகிறது.

இதுவரை நடந்தது தற்செயல்தான். எனக்கு முக்கியம் இதற்குப் பிறகு வருவது. அண்டை வீட்டு டாலி விந்த்ராப் தன் மகனின் பழைய துணிகளோடு வந்து, குழந்தையைக் குளிப்பாட்டி உடுத்திக் காட்டுகிறாள். சைலஸ் ஒரு வேலையையும் அவளிடம் விட மாட்டேன் என்கிறான். எல்லாவற்றையும் தானே கற்றுக்கொண்டு செய்ய வேண்டுமாம். இல்லாவிட்டால் குழந்தை வேறு யாரிடமாவது ஒட்டிக்கொள்ளுமாம். அந்தப் பயத்தில் இருக்கும் சுயநலத்தை எலியட் மறைக்கவில்லை. அதனால்தான் நான் அதை நம்புகிறேன். இறந்துபோன தன் தங்கையின் பெயரையே, ஹெப்சிபா என்று, குழந்தைக்கு வைக்கிறான். எப்பி என்று அழைக்கிறான்.

பிறகு அந்தக் கரி அறைக் காட்சி. தறியோடு நீளத் துணிப்பட்டையால் கட்டிவைத்திருந்த எப்பி, கத்தரிக்கோலால் அதை வெட்டிக்கொண்டு வயலுக்கு ஓடிவிடுகிறாள். பதறித் தேடிய சைலஸ் ஒரு குட்டையின் ஓரத்தில் அவளைக் கண்டுபிடிக்கிறான். தன் செருப்பில் தண்ணீர் மொண்டு விளையாடிக்கொண்டிருக்கிறாள். டாலி சொல்லியிருந்தபடி தண்டனையாக ஒரு நிமிடம் கரி போடும் அறையில் அடைக்கிறான். குளிப்பாட்டி, துணி மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவளே மறுபடி அதற்குள் போய் உட்கார்ந்து கரிமுகத்தோடு எட்டிப்பார்க்கிறாள். அத்தோடு தண்டனை என்ற பேச்சே அந்த வீட்டில் முடிந்தது. குழந்தை வளர்த்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது.

எப்பியைப் பெற்றவன் பண்ணையாரின் மூத்த மகன் காட்ஃப்ரி. ரகசியத் திருமணத்தில் பிறந்தவள். குழந்தை கிடைத்த இரவில் அவளை அடையாளம் கண்டும் வாய் திறக்காமல், துணி வாங்க அரை கினி (அந்தக் காலத்து ஆங்கிலப் பொற்காசு) கொடுத்துவிட்டுப் போனவன். 16 ஆண்டுகள் கழித்து, பிள்ளையில்லாத வீட்டிலிருந்து மனைவி நான்சியோடு வந்து, ‘நான்தான் அப்பா, வா’ என்கிறான். எப்பி போகவில்லை. தன்னை வளர்த்தவரை விட்டு வர முடியாது என்கிறாள். ரத்த உறவு என்றால் எல்லாம் அடிபணிய வேண்டும் என்பவர்களை உட்காரவைத்து இந்த அத்தியாயத்தைப் படித்துக்காட்ட எனக்கு ஆசை.

எலியட்டுக்கு இது ஏட்டுப் படிப்பில் வந்த விஷயமில்லை. மணம் செய்துகொள்ளாமல் எழுத்தாளர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸுடன் வாழ்ந்ததற்காக உடன்பிறந்த அண்ணன் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். லூயிஸின் பிள்ளைகளுக்கோ அவர் தாயாக இருந்தார். ரத்தம் கைவிட்டதையும், ரத்தமில்லாத உறவு சேர்ந்துகொண்டதையும் ஒரே காலத்தில் அறிந்தவர்.

இத்தனை பிடித்த நாவலிலும் எனக்கு ஒரு தீராத சண்டை உண்டு. மாலி. எப்பியின் தாய். அபினுக்கு அடிமையானவள், பனியில் விழுந்து செத்தவள். ஊரே அன்பில் திளைக்கும் இந்தக் கதையில் அவளுக்கென்று ஒரு சொட்டு ஒதுக்கப்படவில்லை. சேதி கேட்டு ஓடிவரும் காட்ஃப்ரியின் மனத்தில் இருக்கும் ஒரே அச்சம், அவள் ஒருவேளை சாகாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான். அதைத் துணிந்து எழுதிய எலியட், மாலியைக் கைநிறைய இரக்கத்தோடு ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காட்ஃப்ரிக்குக் கிடைக்கும் தண்டனையோ, பிள்ளையில்லாத வீடும், எப்பியின் திருமணச் செலவை ஏற்றுக்கொண்டு, கல்யாணத்தன்று ஏதோ காரணம் சொல்லி வெளியூர் போய்விடுவதும்தான். மாலிக்கு அவன் செய்ததற்கு இது எனக்குப் போதவில்லை.