பிழையே காட்டாத நிரலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் சிறிய மென்பொருள் அலுவலகங்களில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஜாவா 8-இல் ஆண்டுக்கணக்கில் ஓடிய நிரல்களைப் பலர் இப்போதுதான் 17-க்கு மாற்றுகிறார்கள். மாற்றிய கையோடு எனக்குத் தொலைபேசி வருகிறது. "அண்ணா, ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. சர்வர் எழவே மாட்டேன் என்கிறது."

அவர்கள் சொல்வது உண்மைதான். எக்ஸ்எம்எல் கோப்பை (தகவலைப் பெயரிட்ட உறுப்புகளாக அடுக்கும் கோப்பு) ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றித் தரும் ஜாக்ஸ்பி என்ற நூலகம், ஜாவா 6 முதல் ஜாவாவோடு சேர்ந்தே வந்தது. 2018 செப்டம்பரில் வெளியான ஜாவா 11 அதை வெளியேற்றிவிட்டது. இனி நாம்தான் தனியாகச் சேர்க்க வேண்டும். இடைமுகத்தை வரையறுக்கும் ஏபிஐ ஜார் (ஜாவா நூலகக் கோப்பு) மட்டும் போதாது, அதை இயக்கும் ரன்டைம் ஜாரும் வேண்டும்.

அடுத்த சிக்கல் பெயர் மாற்றம். ஜாவா இஇ (நிறுவன மென்பொருளுக்கான ஜாவா தரநிலைகள்) எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போன பிறகு, 2020-இல் ஜகார்த்தா இஇ 9 வந்தபோது 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய பேக்கேஜ் (கிளாஸ்களின் தொகுப்பு) பெயர்கள் 'ஜகார்த்தா' ஆகின. சர்வர் நிரல் எழுத உதவும் ஸ்பிரிங் பூட் 3 புதிய பெயரையே எதிர்பார்க்கிறது. பழைய பெயரில் உருவாக்கிய கிளாஸ்களைப் புதிய ரன்டைமிடம் கொடுத்தால், அது கிளாஸ்களில் எழுதியிருக்கும் அனோட்டேஷன்களை, அதாவது ஜாக்ஸ்பிக்கான குறிப்புகளை, கண்டுகொள்வதே இல்லை. 'எதிர்பாராத உறுப்பு, எதிர்பார்க்கும் உறுப்புகள் எதுவுமில்லை' என்று பிழை வரும். பலர் உடனே எக்ஸ்எம்எல் கோப்பைத் திருத்தப் போகிறார்கள். கோப்பில் ஒரு குறையும் இருக்காது. நூலகங்களைச் சேர்த்துத் தரும் மேவனில் டிபென்டன்சி ட்ரீ (எந்த நூலகம் எதைக் கொண்டுவருகிறது என்ற பட்டியல்) எடுத்துப் பார்த்தால் பழைய ஜாக்ஸ்பியும் புதியதும் அருகருகே உட்கார்ந்திருக்கும்.

இவை எல்லாம் நல்ல பிழைகள் என்பேன். சத்தம் போடுகின்றன, மூலக் காரணத்தைச் சொல்லும் கடைசி 'காஸ்டு பை' வரியைப் பொறுமையாகப் படித்தால் இடத்தையும் காட்டிவிடுகின்றன. எனக்குக் கவலை தருவது வேறு.

கடலூர் முதுநகரில் மீன் கொள்முதல் செய்யும் ஒருவருக்கான கணக்கு நிரல். குளிர்பதனக் கிடங்கிலிருந்து எக்ஸ்எம்எல் வருகிறது. ஒரு நாள் கிடங்குக்காரர்கள் ஸ்கீமாவை (கோப்பின் அமைப்பு விதிகள்) மாற்றி, உள் உறுப்புகளையும் நேம்ஸ்பேஸுக்குள் (உறுப்புப் பெயர்கள் எந்தக் குழுவைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம்) கொண்டுவந்தார்கள். மேல் உறுப்பு முன்போலவே பொருந்தியது. உள்ளே இருந்த எடை பொருந்தவில்லை. ஜாக்ஸ்பி என்ன செய்தது? தெரியாத உறுப்பு என்று சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டது. எடை சிறிய எழுத்தில் எழுதும் அடிப்படை 'டபுள்' வகை என்பதால், மதிப்பே இல்லாதபோது வரும் நல் பாயின்டர் பிழைகூட எழவில்லை, மதிப்பு 0 என்றே நின்றது. நிரலின் பதிவேடான லாக் சுத்தம். திரை பச்சை. கோப்பில் இறால் 1,250 கிலோ, ரசீதில் 0. இரவெல்லாம் படகில் நின்றவர்களின் கூலி அந்த எண்ணில்தான் இருக்கிறது.

திருத்தம் சிறியது. பேக்கேஜ்-இன்ஃபோ கோப்பில், உள் உறுப்புகளும் நேம்ஸ்பேஸில் உண்டா என்று சொல்லும் எலிமென்ட் ஃபார்ம் டிஃபால்ட்டை 'குவாலிஃபைடு' என்று மாற்றினால் போதும். அந்தத் திருத்தத்தோடு வேலை முடிந்தது என்று எழுந்து போவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். எக்ஸ்எம்எல்லைப் படித்து ஆப்ஜெக்டாக்கும் அன்மார்ஷலருக்கு ஒரு வேலிடேஷன் ஈவென்ட் ஹேண்ட்லர் (குறை கண்டால் என்ன செய்வது என்று முடிவெடுக்கும் நிரல்) கொடுங்கள். தெரியாத உறுப்பு வந்தால் அங்கேயே நிற்கட்டும். ஸ்கீமா கையில் இருந்தால் அதையும் இணையுங்கள். கொஞ்சம் வேகம் குறையும், குறைந்தால் என்ன? (வேகம் வேண்டுமென்றால் கிளாஸ்களின் விவரங்களை வைத்திருக்கும் ஜாக்ஸ்பி கான்டெக்ஸ்டை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதை ஒரே நேரத்தில் ஓடும் பல திரெட்கள் பகிரலாம். அன்மார்ஷலரைப் பகிராதீர்கள்.)

வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார், மேலாளர் 'ஓடுகிறதா?' என்று மட்டும்தான் கேட்கிறார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். மேலாளர்களிடம் இதையே கேட்கிறேன்: 'ஓடுகிறதா?' என்பதோடு, 'தவறான கோப்பைக் கொடுத்தால் நிற்கிறதா?' என்றும் கேளுங்கள். நேம்ஸ்பேஸ் மாற்றிய ஒரு கோப்பை டெஸ்டில் சேர்த்த பிறகே வெளியீட்டுக்கு ஒப்புதல் கொடுங்கள்.