வீட்டுக்குள்ள ஒரு மலை, அதுல நான்

நின்ன இடத்துலயே மிதிக்கற ட்ரெய்னர் ஸ்டாண்டுல சைக்கிளை மாட்டிட்டு, ஃபிரான்ஸ்ல இருக்கற ஆல்ப் டூவெஸ் மலை ரோட்டை ஸ்கிரீன்லயே ஏறிடலாம்னு உட்கார்ந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர், சராசரி 8 சதவீத ஏத்தம், அதுலயும் முதல் ரெண்டு கிலோமீட்டர்லயே 10 சதவீதம் காட்டி நாக்கு தள்ள வெச்சிடுது. வளைவுக்கெல்லாம் 21ல இருந்து இறங்குமுகமா நம்பர், செத்து சுண்ணாம்பாகி நிமிர்ந்து பாத்தா போர்டுல 17ன்னு இருக்கு, அழுகையே வந்துடுச்சு.

சரி, ட்ரெய்னர் டிஃபிகல்ட்டியை, அதான் ஸ்கிரீன்ல இருக்கற ஏத்தம் காலுக்கு எவ்ளோ தெரியணும்ங்கற செட்டிங்கை, குறைச்சா தப்பிக்கலாம்னு 50 சதவீதத்துல இருந்து 20க்கு இழுத்து விட்டா, மிதிக்க லேசான மாதிரி இருக்கு, ஆனா அதே வேகத்துல ஏறணும்னா அதே வாட்ஸ், அதாவது அதே மிதி சக்தி, குடுத்தே ஆகணும், கியர் மாத்துறதுதான் குறையுதாம், கள்ளாட்டத்துக்கும் வழியில்ல. ஃபேன் ஃபுல் ஸ்பீடுல சுத்துது, அப்படியும் மூக்கு நுனியில இருந்து வியர்வை சொட்டு சொட்டா ஹேண்டில்பார் மேல விழுந்துட்டே இருக்கு. நிஜ ரோடுன்னா இறங்கி தள்ளிட்டாவது போகலாம், இங்க காலை நிறுத்துனா ஸ்கிரீன்ல இருக்கற பொம்மையும் நின்னுட்டு என்னையே பாக்குது.

இன்னும் ரெண்டே வளைவு. வைஃபை போச்சு. மறுபடி அடிவாரத்துல இருந்தா? போங்கய்யா.