சேவல் கூவியும் எழாத தம்பி

டர்பன்காரர்களுக்குக் காம்ரேட்ஸ் மாரத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், அதை 12 மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், 1921-இல் 34 பேரோடு ஆரம்பித்தது, இன்றைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் காசு கட்டிக் கால்வலி வாங்கிக்கொள்கிறார்கள். இடம், டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டு வராந்தா. ஜனவரி வெயில். தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது, அக்காவுக்கு எத்தனை என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

தம்பி: அக்கா, இந்த ஜூன் காம்ரேட்ஸ் ஓடப்போகிறேன். பேர் கொடுத்தாச்சு.

அக்கா: போன வருஷம் கிதார், அதற்கு முந்தின வருஷம் ஆன்லைன் படிப்பு. கிதார் எங்கே?

தம்பி: பீரோவுக்கு மேலே.

அக்கா: படிப்பு?

தம்பி: அது லோட் ஷெட்டிங்கில் நின்றுபோனது.

அக்கா: கரண்ட் எப்போதோ வந்துவிட்டதே.

தம்பி: கரண்ட் வந்தது, பாஸ்வேர்டு வரவில்லை. அதை விடு, இந்த ஷூவைப் பார். அடியில் ஏதோ கார்பன் தகடாம், தானே தூக்கித் தூக்கி விடுமாம்.

அக்கா: கட்டிலிலிருந்து தூக்கிவிடுமா?

தம்பி: அதற்குத்தான் அலாரம் இருக்கிறதே. சேவல் கூவுகிற அலாரம். காம்ரேட்ஸ் தொடங்குகிற இடத்தில் அதைத்தான் போடுவார்கள், தெரியுமா? 1948-இல் மேக்ஸ் டிரிம்போர்ன் என்று ஒருவர், வரிசையில் நின்றவர், சும்மா இருக்க முடியாமல் சேவல் மாதிரி கூவிவிட்டார், அவர் குரலைப் பதிவு செய்து இன்றைக்கும் ஒலிபரப்புகிறார்கள்.

அக்கா: ஓ, விடியற்காலையில் கூவுவது உன் போன்தானா? நான் பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கிறார்கள் என்று அவர்களோடு முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டேன். நான் எழுந்தேன், உன் அத்தான் எழுந்தார், தெரு நாயெல்லாம் எழுந்தது. நீ எழுந்தாயா?

தம்பி: மனதளவில் எழுந்துவிட்டேன்.

அக்கா: சரி, எந்தப் பக்கம் ஓடுகிறீர்கள்?

தம்பி: இந்த வருஷம் மேலே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு. முழுக்க இறக்கம், உருண்டாலே வந்துவிடலாம்.

அக்கா: யார் சொன்னது? உன் அத்தான் வருஷா வருஷம் அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் டிவி முன்னால் உட்கார்ந்தே முடிக்கிறவர். பத்து தடவை ஓடி முடித்தவர்களுக்குப் பச்சை நம்பரை நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்களாம், அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு சோபாவுக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டும். அவரே சொல்லுவார், இறங்குகிற வருஷத்திலும் இன்சாங்கா மேடு ஏற வேண்டும், போத்தாஸ் ஹில் ஏற வேண்டும், அதற்கப்புறம் ஃபீல்ட்ஸ் ஹில்லில் இறங்கும்போது தொடைச் சதை பிய்ந்துவிடும் என்று.

தம்பி: அத்தானுக்கு எதற்குத் தொடை வலிக்கிறது, உட்கார்ந்தேதானே பார்க்கிறார்?

அக்கா: பேச்சை மாற்றாதே. முதலில் 42 கிலோமீட்டர் முழு மாரத்தான் ஒன்றைச் சொன்ன நேரத்துக்குள் ஓடிக் காட்டினால்தானே உன்னை வரிசையில் நிற்கவே விடுவார்கள்?

தம்பி: (குரல் இறங்கி) அது... ஆமாம்.

அக்கா: இதுவரைக்கும் எவ்வளவு ஓடியிருக்கிறாய்?

தம்பி: அட்டவணை போட்டிருக்கிறேன், அக்கா. எக்செல்லில். திங்கள் பச்சை, செவ்வாய் மஞ்சள், மழை வந்தால் நீலம், மாமியார் வந்தால் சிவப்பு.

(அட்டவணையை நானும் பார்த்தேன். நல்ல அட்டவணை. அதில் செலவான உழைப்பில் பாதியை ரோட்டில் காட்டியிருந்தால் இந்நேரம் பைன்டவுன் தாண்டியிருப்பார்.)

அக்கா: கேட்டது கிலோமீட்டர்.

தம்பி: பழக்கம் வரத்தான் 21 நாள் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே. இருபத்தோரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் அப்புறம் கால் தானாக ஓடும்.

அக்கா: எல்லோரும் சொல்வார்கள், யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். சைக்காலஜி படிக்கிறாளே உன் மருமகள், அவள் சொன்னாள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து எண்ணியே பார்த்தார்களாம். சராசரி 66 நாள். ஒருத்தருக்கு 18 நாளிலேயே ஒட்டிக்கொண்டது, இன்னொருத்தருக்கு 254 நாள் பிடிக்கும் என்று கணக்கு வந்தது.

தம்பி: நான் எந்தப் பக்கம்?

அக்கா: உன் கிதார் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். ஆனால் ஒன்று, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்றும் எழுதியிருக்கிறார்களாம்.

தம்பி: (துள்ளி எழுந்து) பார்த்தாயா! அதைத்தான் நானும் சொல்கிறேன்! ஒரு நாள் விட்டால் தப்பில்லை!

அக்கா: விடுகிறது ஒரு நாளாக இருந்தால் தப்பில்லை. உனக்கு ஓடுகிறதுதான் ஒரு நாள்.

தம்பி: உனக்கு என்ன அக்கா, சொல்லுவாய். வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காவடி எடுக்கிறாய். உனக்கு முருகன் துணை. எனக்கு யார்?

அக்கா: முருகன் எங்கே வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்? பார்க்கிறது இந்தத் தெருப் பெண்கள். விரதத்தில் ஒரு துண்டு மீன் என் வாயில் போனால் சாயங்காலத்துக்குள் சேதி ஊரின் மறுகோடி ஃபீனிக்ஸ் வரைக்கும் போய்விடும். அந்தப் பயம் பாதி, பக்தி பாதி. அதோடு நான் யாரிடமும் அட்டவணை காட்டுவதில்லை, பானையைக் கழுவி வைக்கிறேன், அவ்வளவுதான், பானையைக் கழுவிவிட்டால் மற்றதெல்லாம் வந்துதானே ஆக வேண்டும்.

தம்பி: எனக்கு வயதாகிவிட்டது என்பதையும் யோசி.

அக்கா: வாலி ஹேவர்ட் என்று ஒருவர் 1989-இல் எண்பது வயதில் ஓடி முடித்தார். அப்போது பதினோரு மணி நேரம்தான் கெடு, அது முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லாதபோது தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தார். உன் அத்தான் அதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார், டீயும் கேட்பார். நீ வயதைச் சொல்கிறாய்! நம் அப்பா வாலிபத்தில் இருந்த காலத்தில் இந்தப் பந்தயத்தில் நம்மவர்களுக்குப் பேர் கொடுக்கவே இடமில்லை. வெள்ளைக்கார ஆண்கள் மட்டும்தான். கறுப்பர்களுக்கும் நமக்கும் பெண்களுக்கும் 1975-இல்தான் கதவு திறந்தது. இப்போது கதவு திறந்து கிடக்கிறது, கட்டில்தான் உன்னை விடமாட்டேன் என்கிறது.

தம்பி: (கொஞ்ச நேரம் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டு) சரி. நாளையிலிருந்து தினம் பத்து கிலோமீட்டர்.

அக்கா: ஒன்று.

தம்பி: ஒன்றா? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எட்டு.

அக்கா: ஒன்று. கோவில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வா.

தம்பி: ஆறு. அதற்குக் கீழே ஷூவுக்கே அவமானம்.

அக்கா: மீன் மார்க்கெட்டா இது? ஒன்று. மழை பெய்தாலும் ஒன்று, மாமியார் வந்தாலும் ஒன்று. அது சலித்துப்போய் நீயே இரண்டு கேட்டு வா, அப்போது பார்க்கலாம்.

தம்பி: ஓடாவிட்டால்?

அக்கா: 12 மணி நேரம் முடிகிறபோது எல்லைக்கோட்டில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் துப்பாக்கியைச் சுடுவார். வருகிறவன் முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும் இல்லையா. இனிமேல் நானும் உன் முகத்தைப் பார்த்துக் காரணம் கேட்கப்போவதில்லை. போகாத நாளைக்கு ஐம்பது ரேண்ட், கோவில் உண்டியலில். வாட்சைக் கழற்றி இங்கே வை.

தம்பி: வாட்ச் இல்லாமல் எவ்வளவு ஓடினேன் என்று எப்படித் தெரியும்?

அக்கா: தெரு நீளம் அறுபது வருஷமாக மாறவில்லை. போ.

(வாட்சைப் பிரிகிற துக்கத்தில் தம்பி கிளம்பினார். கேட் சத்தம். அக்கா வெங்காயம் உரிக்க உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், போன் அடித்தது. பன்னி என்றால் டர்பனில் குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய குழம்பு.)

தம்பி: அக்கா... உனக்கு மட்டன் பன்னியா, பீன்ஸ் பன்னியா?

அக்கா: அடப்பாவி! கடைக்கா போனாய்?

தம்பி: கோவில் வாசலைத் தொட்டுவிட்டுத்தான் வந்தேன். திரும்பும்போது வாசனை இழுத்துவிட்டது.

அக்கா: காரிலா?

தம்பி: சாவி உன் டீபாயில்தான் இருக்கிறது, பார். நடந்தேதான்.

அக்கா: (சாவியைப் பார்த்துவிட்டு) அப்படியென்றால் இன்றைய கணக்கு தீர்ந்தது. மட்டனே வாங்கு, அடுத்த வாரம் விரதம் ஆரம்பிக்கிறது. குழம்பு சிந்தாமல் நடந்தே கொண்டு வா, அத்தானுக்கும் ஒன்று.