பாரிஸ் கார்னர் தாண்டினால் ஊர் இல்லையா?

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து சித்தப்பா குடும்பம் வடசென்னையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. ஊர் சுற்ற வேன் பேசினோம். காலடிப்பேட்டையில் வண்டி ஏறியதுமே டிரைவர் ஒப்பிக்கிறார்: மெரினா, சாந்தோம், கபாலீஸ்வரர், மகாபலிபுரம். "பக்கத்துலயே ரெண்டு மூணு இடம் பாத்துட்டுப் போலாம்ணா" என்றேன். "இந்தப் பக்கம் என்னம்மா இருக்கு? கன்டெய்னர் லாரியும் மீன் நாத்தமும்தான்." வேனே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

என்ன இருக்கா? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1949இல் கொட்டும் மழையில் திமுக பிறந்த ராபின்சன் பூங்கா இங்கேதான். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் தேவார மூவரும் பாடிய தலம். மணக்கப்போகும் சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, அதை மீறிய சுந்தரருக்குக் கண் போன கதை இந்த ஊர்க் கதை. கடலோரம் பட்டினத்தார் சமாதி. இதில் ஒன்றுகூட வேன்காரர் பட்டியலில் இல்லை!

லாரி ஓடுகிறதுதான். எங்கள் வீட்டுச் சாமானையா ஏற்றிக்கொண்டு ஓடுகிறது? துறைமுகத்துச் சரக்கு ஊருக்கெல்லாம், புகை மட்டும் எங்களுக்கு. மீன் நாற்றமாம். ஞாயிறு விடிவதற்குள் காசிமேட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேச நிற்கும் கார்கள் எல்லாம் எந்தப் பக்கத்துக் கார்கள்? அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூருக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த கச்சா எண்ணெய்ப் படலமும் எண்ணூர் கழிமுகத்துக்கு.

அப்புறம் அந்த மெரினா. இந்தக் கரையில் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். வடக்கே வரவேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தேங்கித் தேங்கி மெரினா அகலமானது. மணல் வராத எங்கள் கரையைக் கடல் அரித்தது, தெருத்தெருவாகப் போனது. இப்போது ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கால் நனைக்கப் போனால் கருங்கல் குவியல்தான் வரவேற்கும்.

கடைசியில் எங்கே போனோம்? மெரினாதான். சித்தி சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "எவ்ளோ மணல் பாரு! உங்க பக்கம் ஏம்மா இப்படி ஒரு பீச் இல்ல?" என்றார்.