மருத்துவம் கேட்டால் கம்யூனிஸ்ட்டா?

நேற்றைய விவாதத்தில் இருந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். எல்லோருக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்றேன், அவ்வளவுதான். "ஓ, கம்யூனிஸ்ட்டா நீங்க?" என்றார்கள். அப்புறம் நான் பேசிய எதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

மறுபடியும் சொல்கிறேன். அடிப்படைத் தேவையை உறுதி செய்வது வேறு, கம்யூனிசம் வேறு. நிலமும் ஆலையும் யார் கையில் இருக்கின்றன என்பதுதான் சோசலிசமும் கம்யூனிசமும் எழுப்பும் கேள்வி. ஜெர்மனியில் 1883இல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு கொண்டுவந்தது அன்றைய பிரதமர் பிஸ்மார்க்கின் அரசு. 1878இல் சோசலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் போட்டதும் அதே பிஸ்மார்க்தான். அவரும் கம்யூனிஸ்ட்டா?

"தேவைக்கேற்பக் கொடு என்று மார்க்ஸ் சொன்னாரே" என்கிறார்கள். சொன்னார், 1875இல். ஆனால் அதை வளர்ந்த கம்யூனிச சமூகத்துக்குத்தான் வைத்தார். முதல் கட்டத்தில் உழைப்புக்கேற்பத்தான் பங்கு என்றார். அந்த முதல் கட்டத்தைத்தான் லெனின் சோசலிசம் என்றார். உழைக்காதவருக்குச் சோறில்லை என்று, கம்யூனிஸ்டுகள் ஆண்ட சோவியத் ஒன்றியத்தின் 1936 அரசியல் சட்டத்திலேயே இருந்தது. சும்மா உட்கார வைத்துச் சோறு போடுவதுதான் சோசலிசம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கம்யூனிஸ்ட் ஆட்சியில் வந்த பஞ்சங்களைக் காட்டுகிறீர்கள். 1932-33 உக்ரைன், 1959-61 சீனா. நான் எதையும் மறைக்கவில்லை. விளைந்த தானியத்தை அரசே அள்ளிக்கொண்டு போய், விளைவித்தவர்களைச் சாக விட்டது. கொடுமைதான். ஆனால் அது மக்களிடமிருந்து சோற்றைப் பிடுங்கிய கதை. நான் கேட்பது யாரிடமிருந்தும் அதைப் பிடுங்காதீர்கள் என்பது.

உணவு, உடை, வீடு, மருத்துவம் எல்லாம் மனித உரிமை என்று 1948 ஐ.நா. பிரகடனத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்கா அந்தப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. சோவியத் ஒன்றியம் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

"இலவசமாகக் கொடுத்தால் எவன் உழைப்பான்?" இந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. என் அப்பா வாழ்நாள் முழுக்க உழைத்தவர். நெஞ்சுவலி என்று அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றார்கள். நான் பணத்துக்கு அலைந்தேன், அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு வலி வந்தால் எங்களிடம் சொல்லவே மாட்டார். செலவாகுமே என்று மறைத்துவிடுவார். அவரா உழைக்காதவர்? அவரா ஓசிக்கு அலைந்தவர்?

நேற்று இதைச் சொல்ல வாயெடுத்தேன், சிரித்தீர்கள். என்னை என்ன பெயர் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். வாசலில் வலியோடு உட்கார்ந்திருக்கும் மனிதரை, கையில் பணம் இல்லை என்பதற்காக உள்ளே விடாமல் இருக்கலாமா? நேற்று நான் கேட்டது இதுதான். உங்களில் ஒருவர்கூட இன்னும் பதில் சொல்லவில்லை.