பெட்ரோ கெமிக்கல் மண்டலம்: ரத்தான அறிவிக்கையும் மூடப்படாத வழியும்

கடலூர், நாகை மாவட்டக் கடலோரத்தில் 45 கிராமங்களைச் சேர்த்து, ஏறத்தாழ 57,000 ஏக்கரில் பெட்ரோலியம், ரசாயனம் மற்றும் பெட்ரோ கெமிக்கல் முதலீட்டு மண்டலம் அமைப்பதற்கான அறிவிக்கையைத் தமிழக அரசு 2017 ஜூலையில் வெளியிட்டது. 2020 பிப்ரவரியில் அது ரத்து செய்யப்பட்டது. அந்த மண்டலத்துக்கு மக்களிடம் எழுந்த எதிர்ப்பைப் பற்றி எழுதும்போதெல்லாம், "அதுதான் முடிந்துபோன விஷயமாயிற்றே, இன்னும் எதற்கு இந்தப் பேச்சு?" என்று கேட்கும் நண்பர்கள் என் பட்டியலிலேயே இருக்கிறார்கள். முடியவில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், இந்த எதிர்ப்பு அறியாமையில் பிறந்தது, யாரோ தூண்டிவிட்டது என்று சொல்பவர்கள் கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் ஒரு முறையாவது சன்னலோரம் உட்கார்ந்து பயணம் செய்திருக்க வேண்டும். சிப்காட் (அரசின் தொழிற்பேட்டை) வந்துவிட்டது என்று நடத்துனர் சொல்லத் தேவையில்லை, மூக்கே சொல்லிவிடும். பேருந்தில் போகிறவர்களுக்குச் சில நிமிடங்களில் விலகிவிடும் அந்த நெடியில்தான் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், காரைக்காடு போன்ற ஊர்களின் மக்கள் 1980களிலிருந்து குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வெறுமனே புலம்பிக்கொண்டும் இருக்கவில்லை. 2004ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஊர்க்காரர்களே வாளியும் பிளாஸ்டிக் பையும் கொண்டு காற்று மாதிரிகளைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருட்கள் அவற்றில் இருந்தது தெரியவந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் செய்திருக்க வேண்டிய வேலையை, கூலி வேலை முடித்து வந்த மனிதர்கள் செய்தார்கள் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாகவும் வெட்கமாகவும் இருக்கிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 புள்ளிகள் பெற்றது. 70 புள்ளிகளைத் தாண்டினாலே அபாயகரமாக மாசடைந்த பகுதி என்று பொருள். தமிழ்நாட்டில் வேலூர், மணலி, கோவை ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2010 ஜனவரியில் இந்தப் பகுதிகளில் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது விலக்கப்பட்டது. அந்தத் தடை பிறப்பிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012இல், இதே கடலோரத்தில் சிப்காட்டைவிடப் பல மடங்கு பெரிய ரசாயன மண்டலத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இருக்கிற ஆலைகளையே கட்டுக்குள் வைக்க முடியவில்லை என்று தானே எழுதி ஒப்புக்கொண்ட அரசு, 250 சதுர கிலோமீட்டருக்குக் குறையாத இன்னொரு மண்டலத்தை எந்த நம்பிக்கையில் அங்கே கொண்டுவர நினைத்தது என்ற கேள்விக்கு இன்றுவரை பொறுப்பான பதில் கிடைக்கவில்லை.

இத்தகைய மண்டலங்களுக்கான மத்திய அரசின் கொள்கையே 2007இல் வந்தது. மேற்கு வங்கத்தின் நந்திகிராமில் ரசாயன வளாகத்துக்கு நிலம் தர மறுத்த மக்கள் மீது காவல்துறை சுட்டதில் 14 பேர் இறந்ததும் அதே 2007 மார்ச்சில்தான். கொள்கையை வகுத்தவர்கள் அந்தச் செய்தியைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது, இடம். கடலூரிலிருந்து நாகை வரையிலான இந்தக் கரை ஆறுகளின் கடைமடை. வெள்ளாறும் கொள்ளிடமும் காவிரியின் பல கிளைகளும் இங்கேதான் கடலில் கலக்கின்றன. மேலே பெய்த மழையெல்லாம் இந்தத் தாழ்வான வயல்கள் வழியாகத்தான் வடிந்தாக வேண்டும். 2004 ஆழிப்பேரலையும் 2011 தானே புயலும் தாக்கிய கரை இது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் வடியப் பல நாட்கள் ஆயின. அந்தத் தண்ணீருக்கு நடுவில் கச்சா எண்ணெய்த் தொட்டிகளும் ரசாயனக் கிடங்குகளும் கழிவுக் குளங்களும் நின்றிருந்தால் வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் எது பரவியிருக்கும் என்று கணக்கிட நிபுணர் குழு தேவையில்லை. கடலூர் சிப்காட்டில் 2025 மே மாதத்தில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்தபோது பக்கத்திலிருந்த குடிகாட்டு வீடுகளுக்குள் சாயக் கழிவு புகுந்தது. அது மழை வெள்ளம் இல்லாத நாளில் நடந்தது.

வேலைவாய்ப்பு பற்றிய வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். சிதம்பரத்திலும் சீர்காழியிலும் பட்டம் படித்துவிட்டுத் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. நெல்லை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நிமிர முடியாது என்பதை விவசாயியிடம் போய் வேறொருவர் விளக்க வேண்டியதில்லை. ஆனால், சுத்திகரிப்பு ஆலைகளும் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும் கொட்டப்படும் பணத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த நிரந்தர வேலையையே தருபவை. கட்டுமானக் காலத்தில் கூட்டமாக ஆள் எடுப்பார்கள். அதன் பிறகு உள்ளூர்க்காரருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிதான். கடலூருக்குத் தெற்கே நாகார்ஜுனா சுத்திகரிப்பு ஆலைக்காக எடுக்கப்பட்ட நிலத்தின் கதை அதற்கும் கீழே போய்விட்டது. பாதி கட்டிய ஆலையைத் தானே புயல் சிதைத்தது, நிறுவனம் கடனில் மூழ்கியது, சொத்துகள் ஏலத்துக்குப் போயின. நிலம் கொடுத்தவர்களுக்கு விளைச்சலும் இல்லை, வேலையும் இல்லை.

இதில் நிலம் கொடுத்தவர்கள் என்று சொல்வதிலும் ஒரு குறை இருக்கிறது. டெல்டாவில் பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், உழுபவர் வேறொருவராக இருப்பார். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறைகளாகக் குத்தகைக்குச் செய்பவர்கள் ஏராளம். அவர்களுக்கும் கீழே, ஒரு சென்ட் நிலமும் இல்லாமல் நடவையும் அறுவடையையும் நம்பியிருக்கும் கூலித் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், இருக்கிறார்கள். இழப்பீட்டுத் தொகை பட்டாவைப் பார்த்துத்தான் வரும். நாகை அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையை ஆண்டுக்கு 90 லட்சம் டன் அளவில் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு நிலம் எடுத்தபோது, குத்தகைதாரர்களும் விவசாயத் தொழிலாளர்களும் மறுவாழ்வுத் தொகை கேட்டுத் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. கடலோர மீனவர்களோ நில எடுப்புக் கணக்கிலேயே வருவதில்லை. கழிவு கலந்த முகத்துவாரத்தில் மீன்பாடு குறைந்தால் அதற்குப் பட்டாவும் இல்லை, இழப்பீடும் இல்லை.

சரி, காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் தமிழக அரசின் சட்டம் 2020இல் வந்துவிட்டதே என்று கேட்கலாம். அந்தச் சட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டெல்டாவில் மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசி, அந்தப் பயணத்திலேயே 2013 டிசம்பரில் உயிர்விட்ட இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் உழைப்பும், எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் வெயிலில் உட்கார்ந்த பெண்களின் பிடிவாதமும் இல்லாமல் அது வந்திருக்காது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தடுக்கிறது. தாமிர, துத்தநாக, அலுமினிய உருக்காலைகளையும் தோல் பதனிடும் ஆலைகளையும் தடுக்கிறது. ஆனால், தடை செய்யப்பட்ட தொழில்களைச் சொல்லும் அதன் இரண்டாம் அட்டவணையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் பெட்ரோ கெமிக்கல் ஆலையும் இடம்பெறவில்லை. எந்த மண்டலத்தை எதிர்த்து மக்கள் போராடினார்களோ, அந்தத் தொழிலின் பெயரே பட்டியலில் இல்லை! சட்டத்துக்கு முன்பே இருந்த திட்டங்களுக்கும், துறைமுகம், குழாய்ப்பாதை போன்ற உள்கட்டமைப்புகளுக்கும் விலக்கு உண்டு. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் மட்டுமே பாதுகாப்புக்குள் வருகின்றன. சிப்காட்டின் நச்சைச் சுவாசிக்கும் கடலூர் ஒன்றியமும் அதை அடுத்த குறிஞ்சிப்பாடி ஒன்றியமும் வெளியே நிற்கின்றன.

இது வெறும் சந்தேகம் அல்ல. சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே, 2021 இறுதியில், நாகையில் பெட்ரோ கெமிக்கல் தொகுப்புக்கான விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகே அது கைவிடப்பட்டது. 2023இல் டெல்டாவிலும் அதை ஒட்டியும் வடசேரி, சேத்தியாத்தோப்பு, மைக்கேல்பட்டி நிலக்கரித் தொகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்ததும், எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டதும் இதே வரிசைதான். ஆட்சியில் இருக்கும் கட்சி எது என்பதைப் பொறுத்து இது மாறவில்லை என்பதைக் கட்சி நண்பர்கள் இரு தரப்பிலும் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. இரண்டாம் அட்டவணையைத் திருத்தும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. அதில் எண்ணெய்ச் சுத்திகரிப்பையும் பெட்ரோ கெமிக்கல் தொழிலையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். கடலூர், குறிஞ்சிப்பாடி ஒன்றியங்களின் விளைநிலங்களையும் வேளாண் மண்டலத்துக்குள் கொண்டுவர வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்த இரண்டையும் தீர்மானமாக எழுதி, பதிவேட்டில் ஏறுகிறதா என்று நின்று பார்த்து, நகலைக் கையெழுத்துடன் வாங்கி வைத்துக்கொள்ளுமாறு கடலோர ஊர்களில் இருக்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாளை யாராவது பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியிருந்தால் அந்த நகல் தேவைப்படும்.