ஏழுக்குக் கீழே இருந்த பெண்கள் எங்கே போனார்கள்?

மருத்துவ மேற்படிப்பு மாணவர்களின் தீசிஸுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பது என் வேலை. போன வாரம் ஒரு மாணவி லேப்டாப்பைத் திறந்து ஒரு படம் காட்டினார். ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபின் அளவு. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு பெட்டி, விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு இன்னொரு பெட்டி. பாக்ஸ் பிளாட், அதாவது நடுப்பாதிப் பேரின் அளவு எங்கிருந்து எங்கே வரை என்று பெட்டியாகக் காட்டும் படம். நிறம், எழுத்து எல்லாம் நேர்த்தி. ஒய் அச்சு, அதாவது நெட்டு அச்சு, 8இல் தொடங்கி 14இல் முடிந்தது.

"ஏழுக்குக் கீழே யாருமே இல்லையா டாக்டர்?"

"இருக்காங்க சார். அவங்களையும் சேர்த்தா படம் கீழே இழுத்துக்குது, ரெண்டு பெட்டியும் நசுங்கிப்போகுது. அதான் ரேஞ்சை மட்டும் மாத்தினேன். டேட்டால கை வைக்கல."

கை வைக்கவில்லை என்று அவர் மனசார நம்பினார். ஆனால் கை வைத்தாகிவிட்டது.

ஆர் என்ற புள்ளியியல் மொழியில் ஜிஜிபிளாட் என்ற தொகுப்பை வைத்துப் படம் போடுகிறவர்கள் இதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். அதில் 'ஒய்லிம்' என்று எல்லை கொடுத்தால், படம் அந்த இடத்துக்குக் கிட்டப்போய்க் காட்டுவதில்லை. எல்லைக்கு வெளியே இருக்கும் மதிப்புகளை முதலில் தூக்கி எறிகிறது. மீடியன் (வரிசையில் நடுவில் நிற்கும் மதிப்பு), பெட்டியின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு எல்லாவற்றையும் அதன் பிறகு மிச்சம் இருப்பவர்களை வைத்துக் கணக்கிடுகிறது. இத்தனை வரிசைகள் நீக்கப்பட்டன என்று கன்சோலில் ஒரு வார்னிங் வரும். படம் பக்கத்து ஜன்னலில் அழகாக வந்து நிற்கும்போது அந்த வரியை யார் படிக்கிறார்கள்?

ஒரு சின்னக் கணக்கு. ஏழு பெண்கள், ஹீமோகுளோபின் 5.8, 6.4, 9.2, 10.1, 10.6, 11.3, 12.0. நடுவில் இருப்பவர் 10.1, அதுதான் மீடியன். இப்போது அச்சை 8 முதல் 14 என்று வையுங்கள். முதல் இருவர் காணாமல் போவார்கள். மிச்சம் ஐந்து பேரில் நடு ஆள் 10.6. இந்த மாதங்களுக்கு ரத்தசோகைக் கோடு 10.5. கோட்டுக்குக் கீழே இருந்த மீடியன் கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது! எந்தப் பெண்ணுக்கும் ஒரு சொட்டு ரத்தம் கூடவில்லை.

அதுவும் காணாமல் போனவர்கள் யார்? கர்ப்பிணிக்கு ஏழுக்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை. ஆஸ்பத்திரியில் உடனே கவனிக்க வேண்டியவர்கள். எவர்களுக்காக இந்த ஆய்வே தேவைப்படுகிறதோ, படம் அழகாக வரவேண்டும் என்பதற்காக அவர்களையே வெளியே அனுப்பிவிட்டோம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரியான வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 'கோஆர்ட் கார்ட்டீசியன்' என்பதற்குள் அதே எல்லையைக் கொடுத்தால், கணக்கு முழுத் தரவுக்கும் நடக்கும், பார்வை மட்டும் நெருங்கும். குழப்பம் எங்கே என்றால், ஆரின் பழைய 'பிளாட்', 'பாக்ஸ்பிளாட்' கட்டளைகளிலும் இதே ஒய்லிம் உண்டு. அங்கே அது எதையும் நீக்காது. பைத்தான் மொழியில் படம் வரையும் மேட்பிளாட்லிப்பில் 'செட் ஒய்லிம்' என்பதும் பார்வையை மட்டும்தான் மாற்றும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் ஏமாந்துபோவது ஆச்சரியமே இல்லை. அந்த மாணவியின் மீது எனக்குத் துளிக் கோபமும் இல்லை. இதைச் சொல்லித்தராமல் நேரே படம் வரையக் கற்றுக்கொடுக்கிறோமே, அந்த வழக்கத்தின் மீதுதான் கோபம்.

இன்னொரு பக்கம், 'அச்சு எப்போதும் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும்' என்று அடம்பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பட்டை வரைபடத்துக்கு அது சரி. பட்டையின் நீளம்தான் அங்கே மதிப்பு. 10, 11 என்ற இரண்டு பட்டைகளை 9இல் தொடங்கினால் ஒன்று மற்றதைப் போல இரு மடங்காகத் தெரியும், அது பொய். ஆனால் புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது. 2015 டிசம்பரில் அமெரிக்காவின் நேஷனல் ரிவ்யூ பத்திரிகை, உலகச் சராசரி வெப்பநிலையை மைனஸ் 10 முதல் 110 ஃபாரன்ஹீட் வரை நீண்ட அச்சில் போட்டு ட்விட்டரில் வெளியிட்டது. நூறு ஆண்டுக்கும் மேலான வெப்ப உயர்வு, தரையில் கிடத்திய கம்பி மாதிரி தட்டையாகத் தெரிந்தது. பூஜ்யம் அதற்குள் பத்திரமாகத்தான் இருந்தது. அதனால் அந்தப் படம் நேர்மையாகிவிட்டதா?

அச்சு எதுவரை நீள வேண்டும் என்பதைத் தரவு மட்டும் தீர்மானிக்க முடியாது, நம் கேள்வியும் அதில் இடம்பெற வேண்டும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் ஏவப்படுவதற்கு முந்தின இரவு, குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் தாங்குமா என்று பொறியாளர்கள் வாதாடினார்கள். அதுவரை நடந்த ஏவுதல்களில் மிகக் குளிரானது 53 ஃபாரன்ஹீட். மறுநாள் காலைக்கு எதிர்பார்க்கப்பட்டதோ 31க்குப் பக்கத்தில். தரவை மட்டும் பார்த்து மென்பொருள் வரையும் அச்சு 50 பக்கத்தில் நின்றுவிடும். அதை 31 வரை இழுத்து, அங்கே ஒரு நெட்டுக்கோடு போட்டுப் பாருங்கள். இடையில் இருக்கும் வெற்றிடம் பயமுறுத்தும். மறுநாள் விண்கலம் ஏவப்பட்டது, வானில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

10.5 மாதிரி ஒரு எல்லையைப் படத்தில் காட்டும் குறிப்புக் கோட்டுக்கு வருகிறேன். கோடு போடுவது ஒரு வரி வேலை. ஆரில் 'ஏபிலைன்' அல்லது 'ஜியோம் எச்லைன்'. (பழைய 'பிளாட்' கட்டளையோடு வரும் ஏபிலைன் அச்சுக்கு வெளியே விழுந்தால் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் மறைந்துவிடும், அதையும் கவனியுங்கள்.) கஷ்டம், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதில். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் கர்ப்பகாலம் முழுவதற்கும் 11 என்ற ஒரே கோடுதான் இருந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று சொன்னதும் அந்தக் கோட்டை வைத்துத்தான். 2024இல் நிறுவனம் கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களுக்கு (நான்கு முதல் ஆறு வரை) மட்டும் கோட்டை 10.5க்கு இறக்கியது. அந்த மாதங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, ஹீமோகுளோபின் இயல்பாகவே குறைந்து தெரியும் என்பது காரணம். ஆகவே 10.7 இருக்கும் ஒரு பெண் பழைய கோட்டில் நோயாளி, புதிய கோட்டில் நலமானவர். வெறும் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, எந்த ஆண்டின் வரையறை என்று பக்கத்தில் எழுதாத படத்தை நான் இனி ஏற்றுக்கொள்வதாக இல்லை. கைடு யாராக இருந்தாலும் சரி.

மாணவி அன்று மாலையே திருத்திக் கொண்டுவந்தார். அச்சு 4 முதல் 15 வரை. பெட்டிகள் கொஞ்சம் நசுங்கித்தான் இருந்தன, இருக்கட்டும். பெட்டிகளுக்குப் பின்னால் ஒவ்வொரு பெண்ணும் ஒரு புள்ளி. 10.5இல் ஒரு கோடு, 7இல் ஒரு கோடு, இரண்டுக்கும் ஓரத்தில் பெயரும் ஆண்டும். ஏழுக்குக் கீழே இருந்த புள்ளிகளில் ஒன்றில் விரலை வைத்து, "இவங்களுக்கு நான்தான் சார் ரத்தம் எடுத்தேன்" என்றார்.

இந்த மாதம் தீசிஸ் சமர்ப்பிக்கிறவர்கள் உங்கள் ஆர் ஃபைலில் 'ஒய்லிம்' என்று தேடிப் பாருங்கள். இருந்தால் படத்தை மறுபடி ஓட்டி, வார்னிங்கில் எத்தனை வரிசை போயிருக்கிறது என்று எண்ணுங்கள். புரியவில்லை என்றால் நோயாளி விவரங்களை நீக்கிவிட்டு இன்பாக்ஸில் அனுப்புங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.